டப்ளினில் மூன்று நாள்: எதை முதலில் பதிவு செய்வது, எதைக் கடைசி வரை விட்டுவைப்பது

டப்ளினுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் ஊர் சுற்றிக் காட்டுவது பல வருடமாக என் வழக்கம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடுதான் எல்லோரும் வருகிறார்கள். வரிசையில்தான் சிக்கல். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கடைசி நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியதை முதல் நாளே பூட்டிவிடுகிறார்கள். நல்ல வரிசையில் போனால் மூன்று முழு நாள் டப்ளினுக்குப் போதும்.

1. விசாவும் தேதியும்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, பணமும் யூரோதான். ஆனால் ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரிஸ், ரோம் போக எடுத்த ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது, தனி ஐரிஷ் விசா வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பிரிட்டன் விசாவில் பி.ஐ.வி.எஸ். (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு அச்சாகியிருந்தால் அதைக் கொண்டே அயர்லாந்துக்கும் வரலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும். லண்டனுக்குப் போகாமல் நேராக டப்ளினுக்கு டிக்கெட் போட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பெல்ஃபாஸ்டையும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் கவனம். அது பிரிட்டன். ரயிலில் எல்லைச் சோதனைச் சாவடி எதுவும் கண்ணில் படாது, ஆனாலும் விசா விதி அப்படியேதான் இருக்கிறது.

தேதி முடிவு செய்யும் முன் கிரோக் பார்க், அவிவா என்ற இரண்டு பெரிய மைதானங்களில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிரோக் பார்க்கில் மட்டும் 82,000 பேருக்கு மேல் உட்கார முடியும். பெரிய கச்சேரியோ இறுதிப் போட்டியோ இருக்கும் இரவில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தை ஒட்டியும் அதே கதைதான்.

பகல் வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலே காலுக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர்காலத்தில் வந்தால் கடலோரத்தைக் காலையிலும் அருங்காட்சியகத்தை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஹோட்டலுக்கும் முன்னால்: சிறைச்சாலை டிக்கெட்

டப்ளினில் பலர் தவறவிடும் இடம் கில்மெய்னம் சிறை. 1796-இல் திறந்து 1924-இல் மூடப்பட்ட சிறை இது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், ஒவ்வொரு குழுவுக்கும் இடம் குறைவு. அங்கே போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

டிக்கெட் 28 நாள் முன்னதாக, அயர்லாந்து நேரப்படி நள்ளிரவில் இணையத்தில் திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது கோடையில் அதிகாலை நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. அலாரம் வைத்து எழுந்தாலும் தகும். கோடைக்கால இடங்கள் வேகமாகப் போய்விடும்.

கிடைக்காவிட்டால் உடனே மனம் தளர வேண்டாம். ரத்தான இடங்களை அன்றன்று காலையில் இணையத்தில் விடுவார்கள். சுமார் ஒன்பது மணியிலிருந்து பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். ஒன்றிரண்டு பேராக இருந்தால் வாய்ப்பு அதிகம், ஐந்து பேர் குடும்பத்துக்கு அதை நம்பக் கூடாது.

இந்த ஒரு நேரம் உறுதியானதும் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குங்கள். இரண்டாம் நாள் மதியத்தை ஒட்டிக் கிடைத்தால் மிக நல்லது. ஏன் இரண்டாம் நாள் என்பது கீழே வரும்.

டிரினிட்டி கல்லூரியில் உள்ள பழைய கையெழுத்துச் சுவடியான கெல்ஸ் நூலுக்கும் முன்பதிவு தேவை, ஆனால் அது இவ்வளவு கடினமில்லை. முதல் நாள் காலையின் முதல் நேரத்தை எடுங்கள். கின்னஸ் பியரின் காட்சியகமான கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் இணையத்தில் வாங்குங்கள், நேரத்தைப் பொறுத்து விலை மாறும். கடலோர நாளுக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள்.

3. எங்கே தங்குவது

டெம்பிள் பார் பகுதியில் தங்க வேண்டாம். நடுநிசி தாண்டியும் பாட்டும் கூச்சலும் ஓயாது, குழந்தைகளோடும் பெற்றோரோடும் வந்தால் தூக்கம் போய்விடும்.

லூவஸ் டிராமின் சிவப்புப் பாதையில் ஸ்மித்ஃபீல்ட் பக்கம் நல்ல தேர்வு. நகர மையத்துக்கு நடந்தே போகலாம், இரண்டாம் நாள் பார்க்கப்போகும் இடமெல்லாம் அதே பாதையில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, குறைந்த வாடகையில் வேண்டுமென்றால் கடலோரமாக ஓடும் டார்ட் புறநகர் ரயிலின் நிலையம் ஒன்றின் பக்கத்தில் பாருங்கள். பேருந்தை மட்டும் நம்பியிருக்கும் புறநகர் வீடுகள் வாடகையில் மிச்சம் பிடித்துக் கொடுத்தாலும் நேரத்தைத் தின்றுவிடும்.

4. பெட்டியில் என்ன வைப்பது

குடையை விட்டுவிட்டு, தலைமூடி உள்ள மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். இங்கே மழை காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும், குடை முதல் நாளே மடங்கிப் போகும். ஜூலையில் வந்தாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். தடித்த ஒரே கோட்டைவிட, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல், ஏனென்றால் ஒரே நாளில் வெயில், மழை, குளிர் மூன்றும் வந்து போகும்.

நனைந்தாலும் வழுக்காத காலணி அவசியம். பிளக் பாயிண்ட் பிரிட்டனில் உள்ளது போல மூன்று சதுர முனைகள் கொண்டது, ஐரோப்பாவுக்கென்று வாங்கிய உருண்டை முனை அடாப்டர் இங்கே நுழையாது. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், ஒரு காலி பாட்டில் போதும்.

5. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. பேருந்து அல்லது டாக்சிதான். 16, 41 எண் டப்ளின் பஸ்கள் சாதாரணக் கட்டணத்தில் ஊருக்குள் வரும். தனியார் சொகுசுப் பேருந்துகள் சீக்கிரம் வரும், ஆனால் கட்டணம் பல மடங்கு.

விமான நிலையக் கடையிலேயே லீப் விசிட்டர் கார்டு வாங்குங்கள். ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று கிடைக்கும். டப்ளின் பஸ், லூவஸ், டார்ட் எல்லாவற்றிலும் செல்லும், தனியார் விமான நிலையப் பேருந்துகளில் செல்லாது. முதன்முதலில் கார்டைத் தட்டிய நிமிடத்திலிருந்து மணிக்கணக்கு ஓடும். மூன்று நாள் கார்டு என்றால் 72 மணி நேரம். மாலையில் வந்திறங்கித் தட்டினால் நாலாவது நாள் மாலை வரை வரும்.

கார்டு இல்லாமல் பேருந்தில் ஏறினால் சரியான சில்லறை வேண்டும். நோட்டு வாங்க மாட்டார்கள், மீதியும் தர மாட்டார்கள். கடைகளில் எல்லாம் வங்கி அட்டையைத் தட்டியே பழகியவர்கள் இங்கேதான் கை பிசைகிறார்கள்.

நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து நிற்காமல் போகும். கையை நீட்டிக் காட்ட வேண்டும். நெற்றிப் பலகையில் 'அன் லார்' என்று ஐரிஷில் எழுதியிருந்தால் அது நகர மையத்துக்குப் போகிறது என்று பொருள். டிராமில் ஏறும் முன் மேடையில் உள்ள கருவியில் கார்டைத் தட்டுங்கள், பெட்டிக்குள் கருவி இருக்காது.

6. முதல் நாள்: எல்லாம் நடை

முதல் நாளுக்கு வண்டியே தேவையில்லை. எல்லாம் சில நிமிட நடைத் தூரத்தில் இருக்கிறது.

காலையில் டிரினிட்டி. 1592-இல் தொடங்கிய கல்லூரி, வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. கெல்ஸ் நூல் சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்த கையெழுத்துச் சுவடி, நான்கு நற்செய்திகள் அடங்கியது. திறந்து வைத்திருக்கும் பக்கத்தை மட்டுமே பார்க்க முடியும், படம் எடுக்கக் கூடாது. விளக்கப் பலகைகளில் நேரத்தைச் செலவழித்துவிட்டு, நூல் இருக்கும் பெட்டிக்கு வரும்போது களைத்து, இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள் பலர். அங்கேயே நில்லுங்கள். கூட்டம் அலை அலையாக வரும், ஒரு அலை போனதும் கண்ணாடிக்கு அருகில் இடம் கிடைக்கும்.

65 மீட்டர் நீள நூலக மண்டபத்தின் பழைய படங்களைப் பார்த்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பாதுகாப்புப் பணிக்காகப் புத்தகங்களை எடுத்துவிட்டதால் அலமாரிகள் பெரும்பாலும் காலி. மண்டபத்தின் அழகு அப்படியே இருக்கிறது. அங்குள்ள பழைய யாழ்தான் அயர்லாந்தின் அரசுச் சின்னத்துக்கு மாதிரி. உங்கள் சட்டைப்பையில் உள்ள ஐரிஷ் யூரோ நாணயத்தின் பின்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஐந்து நிமிட நடையில் கில்டேர் தெருவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். இலவசம். ஞாயிறும் திங்களும் மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும், அந்த நாட்களில் வந்தால் ஓவியக்கூடத்தை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். டாரா புரோச், ஆர்டா கிண்ணம் ஆகிய தங்க, வெள்ளி வேலைப்பாடுகளைப் பார்த்த பிறகு, சதுப்பு நிலத்தில் கிடைத்த மனித உடல்கள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். 2003-இல் கிடைத்த ஓல்ட்குரோகன் மனிதருக்குத் தலை இல்லை, இடுப்புக்குக் கீழும் இல்லை. ஆனால் விரல்களைப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நகங்கள் அப்படியே இருக்கின்றன, விரல் மடிப்பின் கோடுகூடத் தெரிகிறது. சின்னக் குழந்தைகள் கூட இருந்தால் முதலில் பெரியவர் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அடைப்பான சிறிய அறைகளாக வைத்திருப்பதால் தவிர்ப்பது எளிது.

பிறகு மெரியன் சதுக்கத்தில் தேசிய ஓவியக்கூடம், அதுவும் இலவசம். நேரம் குறைவென்றால் கரவாஜியோவின் 'கிறிஸ்துவைக் கைது செய்தல்' ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். டப்ளினில் இயேசு சபைத் துறவிகளின் வீட்டில், வேறு யாரோ வரைந்தது என்ற நினைப்பில் பல வருடம் தொங்கிய படம். 1990-இல்தான் உண்மை தெரிந்தது. வலது ஓரத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பவர் முகம் ஓவியருடையது என்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் டப்ளின் கோட்டை வளாகத்தில் செஸ்டர் பீட்டி. சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்த அமெரிக்கரான செஸ்டர் பீட்டி சேகரித்த சுவடிகள், பழைய குர்ஆன் படிகள், முகலாய ஓவியங்கள், பைபிளின் மிகப் பழைய பாப்பிரஸ் ஏடுகள் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். கெல்ஸ் நூலுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்களிடம் இதைத்தான் முதலில் பாருங்கள் என்று சொல்வேன். டப்ளினில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான். குளிர்காலத்தில் திங்கட்கிழமை விடுமுறை.

நான்கையும் ஒரே நாளில் முடித்தே தீர வேண்டும் என்று ஓடினால் எதுவும் மனதில் நிற்காது. கெல்ஸ் நூலும் வேறு இரண்டும் போதும்.

மாலையில் ஹாப்பென்னி பாலத்தைக் கடந்து ஓ'கானல் தெருவுக்கு நடங்கள். பெரிய தூண்கள் உள்ள கட்டடம் தலைமைத் தபால் நிலையம். 1916 ஏப்ரல் 24 அன்று, ஈஸ்டர் திங்களில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் அதன் வாசலில் நின்று ஐரிஷ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். தெருவின் தென்கோடியில் டேனியல் ஓ'கானல் சிலையின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிறகுள்ள உருவங்களைச் சுற்றி வந்து பாருங்கள், உலோகத்தில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. இதை இன்று பார்த்துவிட்டால் நாளைக்குச் சிறையில் வழிகாட்டி சொல்வதெல்லாம் தானாகப் புரியும். இருட்டிய பிறகு இந்தத் தெருவில் போனைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டாம்.

7. இரண்டாம் நாள்: மேற்குப் பக்கம்

சிவப்பு லூவஸில் ஹ்யூஸ்டனில் இறங்குங்கள். அங்கிருந்து பழைய ராயல் மருத்துவமனை வளாகத்துக்குள் நடந்தால், 17-ஆம் நூற்றாண்டில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காகக் கட்டிய கட்டடத்தில் இப்போது நவீன கலை அருங்காட்சியகம் இருக்கிறது. மரங்கள் வரிசையாக நிற்கும் பாதையில் மேற்கு வாசல் வரை போனால் எதிரே சிறை. டாக்சியில் வந்து வாசலில் இறங்குவதைவிட இந்த நடை நல்லது, நேரமும் குறைவுதான்.

சிறைக்கு 15 நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். குழு கிளம்பிவிட்டால் காத்திருக்க மாட்டார்கள். சுற்றிக்காட்ட ஒரு மணி நேரம் ஆகும், படிகளும் சமமில்லாத தரையும் உண்டு, உள்ளே குளிரும்.

தேவாலய அறையில் வழிகாட்டி சொல்வதைக் கவனியுங்கள். ஈஸ்டர் எழுச்சித் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட்டுக்கும் கிரேஸ் கிஃபர்டுக்கும் அங்கேதான் திருமணம் நடந்தது, சில மணி நேரத்தில் பிளங்கெட்டைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியாக வருவது கல் உடைக்கும் முற்றம். எழுச்சித் தலைவர்களில் 14 பேரை 1916 மே 3 முதல் 12 வரை இங்கே சுட்டார்கள். முற்றத்தில் இரண்டு சிலுவைகள் எதிரெதிர் முனைகளில் நிற்கும். ஒன்று 13 பேருக்கு. வாசலுக்குப் பக்கத்தில் உள்ள மற்றது ஜேம்ஸ் கானொலிக்கு மட்டும். காயத்தோடு ஆம்புலன்ஸில் கொண்டுவந்த அவரால் நிற்கக்கூட முடியாததால் நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். குழு நகரும்போது அவசரப்படாமல் இரண்டாவது சிலுவையிலிருந்து முதலாவதைத் திரும்பிப் பாருங்கள். நடக்க முடியாத ஒருவரை அந்த முற்றத்தின் நீளத்துக்குக்கூடக் கொண்டுபோகவில்லை என்பது அப்போது உறைக்கும்.

இதற்குப் பிறகு நேராக கின்னஸ் ஸ்டோர்ஹவுஸுக்கு ஓடுவது வழக்கமான திட்டம். மனம் அதற்கு ஒத்துழைப்பதில்லை என்பது என் அனுபவம். பதிலாக லூவஸில் 'மியூசியம்' நிறுத்தம் வந்து, காலின்ஸ் பாரக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆர்பர் ஹில் கல்லறைக்குப் போங்கள். முற்றத்தில் சுடப்பட்ட அந்த 14 பேரும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நேற்று தபால் நிலைய வாசலில் கேட்ட பிரகடனம் அங்கே சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, பெரும்பாலும் ஆளும் இருக்காது.

பெரிய ஃபீனிக்ஸ் பூங்காவும் இந்தப் பக்கம்தான், 707 ஹெக்டேர். குழந்தைகளோடு வந்தால் கல்லறைக்குப் பதில் இங்கே வரலாம். மான்கள் கூட்டமாக மேயும். அவற்றுக்குத் தீனி கொடுக்கக் கூடாது, 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

8. கடல் நாள்: வானிலை பார்த்து முடிவு

மூன்று நாளில் எது கடல் நாள் என்பதை முந்தின இரவு மெட் ஏரன் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிறை நாளைத் தவிர மற்ற இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், கெல்ஸ் நூலுக்குப் பதிவு செய்த நேரம் மட்டும் அப்படியே இருக்கட்டும். இதற்காகத்தான் இந்த நாளுக்கு எதையும் பதிவு செய்ய வேண்டாம் என்றேன்.

டார்ட் ரயிலில் வடக்கே ஹோத் வரை சுமார் அரை மணி நேரம். பாதை நடுவில் இரண்டாகப் பிரியும், ஒன்று ஹோத், மற்றது மாலஹைட். பலகையைப் பார்க்காமல் வந்த ரயிலில் ஏறுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஏறிவிட்டால் ஹோத் ஜங்ஷனில் இறங்கி மாறுங்கள்.

முதலில் நடை, பிறகுதான் சாப்பாடு. நிலையத்திலிருந்து துறைமுகத்தை ஒட்டி நடந்து, பால்ஸ்கேடன் சாலையில் ஏறினால் பாறை முகட்டுப் பாதை. ஊதாப்பூ ஹெதரும் மஞ்சள் கோர்ஸ் புதரும் இரண்டு பக்கமும், கீழே கடல். சின்னச் சுற்று ஆறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பல இடங்களில் கைப்பிடி இல்லை. பலத்த காற்றுக்கான எச்சரிக்கை இருந்தால் ஏறவே கூடாது. திரும்பி வந்து துறைமுகத்தில் மீனும் சிப்ஸும், அல்லது கடல் உணவு சவுடர் என்ற கெட்டியான சூப். துறைமுக நீரில் சீல்கள் தலை தூக்கிப் பார்க்கும்.

காற்று அதிகமென்றால் தெற்கே டன் லீரி. அங்குள்ள கிழக்குத் துறைமுகச் சுவர் 1.3 கிலோமீட்டர், தளம் சமமாக இருப்பதால் வயதானவர்களும் நடக்கலாம்.

மேற்குக் கடற்கரையில் உள்ள மோஹர் பாறைகளை டப்ளினிலிருந்து ஒரே நாளில் பார்த்து வரும் பேருந்துச் சுற்றுலாவை நான் யாருக்கும் சொல்வதில்லை. பன்னிரண்டு மணி நேர நாளில் பெரும்பகுதி பேருந்து இருக்கையில்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கால்வேயில் ஓர் இரவு தங்குங்கள். கூடுதலாக ஒரு நாள் மட்டும் இருந்தால் நியூகிரேஞ்ச் போகலாம். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு அது. பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பேருந்தில்தான் போக முடியும், முன்பதிவு கட்டாயம்.

9. மாலையில் இசை

ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் பப் பாரம்பரிய இசைக்குப் பெயர்போனது. மேடை இருக்காது. கலைஞர்கள் ஒரு மூலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், அந்த மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகள் அவர்களுக்கு. காலியாக இருக்கிறதே என்று உட்கார வேண்டாம். பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசவும் கூடாது.

மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். பாருக்குப் போய்ச் சொல்லி, பணம் கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம், ஆல்கஹால் இல்லாத கின்னஸோ எலுமிச்சை சோடாவோ கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழந்தைகளை இரவு ஒன்பது மணிக்கு மேல், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணிக்கு மேல், பப்பில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் குடும்பமாக வந்தால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் கிளம்புங்கள். கழிவறைக் கதவில் 'ஃபிர்' என்றால் ஆண்கள், 'ம்னா' என்றால் பெண்கள். எழுத்தைப் பார்த்து ஊகித்துத் தவறான கதவைத் திறப்பவர்கள் நிறைய.

10. சாப்பாடு

ஐரிஷ் காலை உணவுத் தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைவர்களுக்கு மதியத்தில் காய்கறி சூப்பும் கோதுமை பிரவுன் பிரெட்டும் எங்கும் கிடைக்கும். ஆனால் சூப் கோழிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விக்லோ தெருவில் கார்னுகோப்பியா முழுச் சைவ உணவகம், 1986 முதல் இருக்கிறது. இரவு உணவை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது, பல கஃபேக்கள் மாலையிலேயே மூடிவிடும்.

11. கிளம்பும் நாள்

டப்ளினிலிருந்து நேராக அமெரிக்காவுக்குப் பறப்பவர்கள் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை இங்கேயே முடித்துவிட்டுத்தான் விமானத்தில் ஏற வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு இன்னொரு வரிசை அது, அதற்கென்று கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் டெர்மினல் ஒன்றா இரண்டா என்பதை பேருந்தில் ஏறும் முன்பே பார்த்துவிடுங்கள். அதிகாலை விமானமென்றால் முந்தின இரவே டாக்சி சொல்லிவைப்பது நிம்மதி.